பால் கொடுக்கிற இடம்

எடை மெஷினில் குழந்தையைப் படுக்க வைத்ததும் அது அழுகையை நிறுத்திவிட்டு மேலே சுழன்ற மின்விசிறியைப் பார்த்தது. நர்ஸ் அஞ்சலாட்சி சிவப்பு எண்கள் ஓடி நிற்கும்வரை காத்திருந்தாள். பிறகு கார்டை எடுத்து, போன மாதத்துக் கட்டத்தைப் பேனா முனையால் ஒருமுறையும் இந்த மாதத்துக் கட்டத்தை ஒருமுறையும் தொட்டாள்.

"அஞ்சு கிலோ நூறு. போன மாசம் அஞ்சு. நாலு மாசப் புள்ள, ஒரு மாசத்துல நூறு கிராமா? ஏம்மா சரிதா, ஒரு நாளைக்கு எத்தினி வாட்டி குடுக்கற?"

"பத்து வாட்டி."

"வேற எதுனா குடுக்கறியா? தண்ணி, சர்க்கரத் தண்ணி, அது இதுன்னு?"

"இல்ல."

இரண்டு பொய். வீட்டு விலாசம் சொல்வதுபோல இரண்டும் தடங்கலில்லாமல் வந்தன. பொய் சொன்னால் நெஞ்சு அடித்துக்கொள்ளும் பழக்கம் முன்பு அவளுக்கு இருந்தது. இப்போது நெஞ்சு தன் பாட்டுக்கு இருந்தது.

"கடைசியா எப்ப குடுத்த?"

"காலைல ஆறரைக்கு."

"மணி பதினொண்ணு ஆவுது! அந்தத் திரைக்குப் பின்னாடி பெஞ்சு கெடக்கு, போய்க் குடு."

திரைக்குக் கீழே வராந்தாவில் நிற்கும் ஆண்களின் செருப்புகள் தெரிந்தன. "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க சிஸ்டர். ஆம்பளைங்க வேற இருக்காங்க."

"இருந்தா? அவங்கல்லாம் டீ குடிச்சா வளந்தாங்க?" அஞ்சலாட்சி கார்டை நீட்டினாள். "பதினஞ்சு நாள் கழிச்சு வா. அப்பவும் இப்படியே நின்னா டாக்டரு டப்பாப் பால் எழுதிடுவாங்க. டப்பா உள்ள வந்தா உன் பால் தன்னால நின்னுபோவும், அப்பறம் என்னைக் கேக்காத. பஸ் ஸ்டாண்டுல தாய்மாருங்களுக்குன்னே ரூம் இருக்கு. அங்கயாச்சும் போயி குடுத்துட்டு பஸ்ஸு ஏறு."

சரிதா தலையாட்டினாள். குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட்டாள். கைகள் சரியாகத்தான் வேலை செய்தன. பிரசவமானதிலிருந்து கைகளைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. குளிப்பாட்டினாள், துடைத்தாள், பவுடர் போட்டாள், துணி மாற்றினாள். பார்க்க வந்தவர்கள் "சந்தோஷமா இருக்கியா?" என்று கேட்டபோது "இருக்கேன்" என்றாள். சந்தோஷம் இல்லை என்றால் துக்கமாவது இருக்க வேண்டும். அதுவும் இல்லை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்டால் கன்னம் நம்முடையதுதான் என்று தெரியும், தொட்டால் மட்டும் தெரியாது. உடம்பு முழுக்க அவளுக்கு அப்படி இருந்தது. அம்மாவிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "பச்ச ஒடம்பு அப்படித்தான் இருக்கும், சரியாப் போவும்" என்றாள் அம்மா. நான்கு மாதமாயிற்று.

பத்து வாட்டி என்றது ஒரு காலத்தில் உண்மை. மூன்று மாதம் அம்மா வீட்டில் இருந்தாள். விழுப்புரம் பக்கத்தில் ஒரு கிராமம், அம்மாவும் அவளும் மட்டும் இருந்த வீடு. குழந்தை வாயைத் திறந்தால் கொடுத்தாள். தவளக்குப்பத்துக்கு, புருஷன் வீட்டுக்கு வந்த பிறகு அது ஐந்தாகக் குறைந்தது. கூடம், ஓர் அறை, சமையலறை, அவ்வளவுதான் வீடு. கதவு வைத்தது அந்த ஓர் அறைதான். கொழுந்தன் ஹரிகிருஷ்ணன் கம்பெனியில் ராத்திரி ஷிப்டு முடித்துக் காலை ஏழரைக்கு வந்து அதில் படுத்தால் சாயங்காலம் மூன்றரைக்குத்தான் எழுவான். கூடத்தில் மாமனார் கிருஷ்ணசாமி டிவி பார்த்தபடி இருப்பார். சமையலறையின் பின்கதவு பக்கத்து வீட்டுக் குழாயடிக்கு நேராக இருந்தது. ஆகவே ஏழரையிலிருந்து மூன்றரை வரை குழந்தை அழுதால் மாமியார் பாக்கியலட்சுமி அதை மடியில் போட்டுக்கொண்டு சங்கில் சர்க்கரைத் தண்ணீரைப் புகட்டிவிடுவாள்.

மாமியார் கெட்டவளில்லை. கொடுமை செய்கிறவளாக இருந்திருந்தால் எதிர்த்துப் பேசுவதற்கு ஒரு வார்த்தையாவது கிடைத்திருக்கும். அவள் பயந்தாள். சரிதாவின் புருஷன் அருள்முருகன் கைக்குழந்தையாக இருந்தபோது வீராம்பட்டினம் தேருக்குப் போயிருக்கிறாள். வெயில், கூட்டம். பிள்ளை கத்தியிருக்கிறது. ஒரு கடை ஓரமாக உட்கார்ந்து கொடுத்திருக்கிறாள். அந்தப் பக்கம் போன யாரோ ஒருத்தி நின்று பார்த்து, "யம்மா, எம்மாம் பால்!" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். மூன்றே நாள். மார்பு துணிபோலத் தொங்கிவிட்டதாம். பிறகு பசும்பாலில் தண்ணீர் கலந்து, வயிற்றுப்போக்கும் காய்ச்சலுமாகப் பிள்ளை பிழைத்தது பெரிய பாடாம். "நாலு கண்ணு பட்டா வத்திப்போவும்டி, நான் பட்டவ சொல்றேன்" என்று முப்பது வருஷத்துக்கு முந்தைய அந்த ஒருத்தியின் முகம் இன்னும் எதிரில் நிற்பதுபோலச் சொல்வாள். ஹரிகிருஷ்ணன் பிறந்தபோது அறையை விட்டே வெளியே வரவில்லையாம். அவனுக்கு இரண்டு வயது வரை பால் இருந்ததாம். அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

அருள்முருகனிடம் சொன்னாள். உழவர்கரையில் டைல்ஸ் கடையில் சூப்பர்வைசராக இருக்கிறவன். நாள் முழுக்க நின்ற காலைச் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டு, "டப்பாப் பால் வாங்கிக்கலாம் விடு. ஏன் நீ கெடந்து அவஸ்தப்படற?" என்றான். அன்பாகத்தான் சொன்னான்.

டப்பாப் பால் வந்துவிட்டால் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். மாமியார் கொடுக்கலாம், அவன் கொடுக்கலாம். குழந்தைக்கும் அவளுக்கும் நடுவில் இருந்தது அந்தப் பால் ஒன்றுதான். கொஞ்சத் தெரியவில்லை, பாட்டு வரவில்லை, முகத்தைப் பார்த்தால் உருகவில்லை. ஆனால் வாயை வைத்தால் பால் வந்தது. அவள் எதையும் உணர வேண்டும் என்று பால் கேட்கவில்லை. அதுவும் போய்விட்டால் தான் இந்தப் பிள்ளைக்கு யார் என்று யோசித்துப் பார்த்தாள். யாருமில்லை என்று தோன்றியது. தோன்றியும் அழுகை வரவில்லை. அழுகை வரவில்லையே என்பது மட்டும் அவளைக் கொஞ்சம் பயமுறுத்தியது.

ஷேர் ஆட்டோவில் நெல்லித்தோப்பு தாண்டும்போதே குழந்தை ஆரம்பித்துவிட்டது. முதலில் சிணுங்கல். பிறகு கையை வாயில் திணித்துக்கொண்டு கத்தல். எதிர் சீட்டில் இருந்தவர் போன் சத்தத்தைக் கூட்டினார். பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது குழந்தையின் முகம் கருஞ்சிவப்பாகி, கத்துவதற்கும் மூச்சு போதாமல் அழுகை இடையில் ஒரு கணம் அடங்கி அடங்கி எழுந்தது. கடலூர் பஸ்கள் வரிசையாக நின்றன. ஏறிவிட்டால் முக்கால் மணி நேரத்தில் வீடு. வீட்டுக்குப் போனாலும் அறை மூன்றரைக்குத்தான்.

ரூம் இருக்கிறது என்று அஞ்சலாட்சி சொன்னாளே. சரிதா சுற்றிப் பார்த்தாள். கடை போர்டு, ஊர் போர்டு, கட்சி போர்டு. எழுத்துகள் கண்ணில் பட்டன, உள்ளே போகவில்லை. ஒரு தூணருகே காக்கிச் சட்டை போட்ட ஒருவர் கையில் நோட்டுடன் பஸ்களுக்கு விசில் ஊதிக்கொண்டிருந்தார். அவரிடம் என்னவென்று கேட்பது? தாய்ப்பால் என்று முன்பின் தெரியாத ஆணிடம் சொல்ல நாக்கு வராது. மார்பு என்ற வார்த்தை நர்ஸ்களுக்கு உரியது. வீட்டில் 'பால்' என்ற ஒரே சொல்லில்தான் எல்லாம் நடந்தது. அதைவிட மரியாதையான சொல் அவளுக்குத் தெரியாது.

"அண்ணா, இங்க பால் குடுக்குற எடம் எங்கண்ணா இருக்கு?"

அவர் விசிலை வாயிலிருந்து எடுக்காமலே கையை நீட்டினார். பிறகு எடுத்தார். "தோ, அந்த நீல ஷட்டரு. சீக்கிரம் போம்மா, பன்னண்டு மணிக்கெல்லாம் தீந்துபோவும்."

தீர்ந்துபோகும் என்றால் என்ன என்று யோசிக்கிற ஆளாக அவள் அப்போது இல்லை. நீல ஷட்டர் தெரிந்தது. அதன் முன்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள், பாதிக்கு மேல் பெண்கள், ஒருத்தி இடுப்பில் பிள்ளையோடு. இத்தனை தாய்மார்களா என்று மங்கலாக ஓர் எண்ணம் வந்து போனது. ஆண்கள் எதற்கு என்ற எண்ணம் வரவில்லை. வரிசை என்று ஒன்று இருந்தது, கடைசியில் போய் நின்றாள். ஒருவர் நகர்ந்தால் அவளும் நகர்ந்தாள். குழந்தையின் கத்தல் யாரோ வேறு வீட்டில் கேட்பதுபோலக் கேட்டது. ஆனால் சுடிதாரின் முன்பக்கம் இரண்டு இடத்தில் நனையத் தொடங்கியிருந்தது. துப்பட்டாவை இழுத்து விட்டுக்கொண்டாள்.

அவள் முறை வந்தது. ஷட்டருக்கு உள்ளே, மர மேடைக்குப் பின்னால், சேலை முந்தானையைத் தலைக்குப் போட்டிருந்த ஐம்பது வயதுப் பெண்மணி நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாள்.

"எத்தினி?"

"ஒண்ணுதான்."

"ஆரஞ்சா, பச்சையா?"

சரிதா குழப்பத்துடன் குழந்தையைப் பார்த்தாள். "பொண்ணுங்க."

அந்தப் பெண்மணி நிமிர்ந்தாள். வரிசையில் அவளுக்குப் பின்னால் வந்து நின்ற இன்னொரு பிள்ளைக்காரி 'களுக்'கென்று சிரித்தாள்.

"பொண்ணு சரிம்மா. பாக்கெட்டு எத்தினின்னு கேட்டேன்."

அப்போதுதான் சரிதாவுக்குச் சுற்றிலும் உள்ளவை ஒவ்வொன்றாகத் தெரிந்தன. பிளாஸ்டிக் கிரேடுகள், ஐஸ்பெட்டி, சிந்திக் காய்ந்த பாலின் புளித்த வாடை, தலைக்கு மேலே விலைப் பலகை. பால் பூத். வெட்கப்பட வேண்டிய இடம் இது என்று தெரிந்தது. வெட்கம் வருவதற்குக் காத்திருந்தாள். வரவில்லை.

"பால் குடுக்குற எடம் எங்கன்னு கேட்டேன். இங்க அனுப்பிச்சிட்டாங்க" என்றாள், வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல.

பூத்துக்காரம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். குழந்தையைப் பார்த்தாள். துப்பட்டாவையும் மீறித் தெரிந்த ஈரத்தைப் பார்த்தாள். பிறகு மேடையின் ஓரத்துப் பலகையைத் தூக்கினாள்.

"யா ரப்பே! உள்ள வா நீ மொதல்ல. குனிஞ்சு வா, தலைல இடிச்சிக்காத. அந்த ஸ்டூல்ல உக்காரு."

"இங்க வேணாங்க..."

"வேணாம்னா அது கேக்குமா? தொண்ட கட்டிப்போச்சு புள்ளைக்கு. உக்காரு."

சரிதா உட்கார்ந்தாள். சொன்னதைச் செய்வது சுலபமாக இருந்தது. பூத்தின் முன்பக்கம் முழுக்கத் திறந்து கிடந்தது. வரிசையில் நின்றவர்களுக்கு நேர் எதிரில் அவள். பெண்மணி ஷட்டரை ஒரு கையால் பிடித்துப் பார்த்தாள். "இழுத்தா யாவாரம் நின்னுபோவும், உள்ள பேனும் இல்ல, வெந்துபோவ. இப்படியே குடு. நான் இப்படிக் குறுக்க நின்னுக்கறேன்." அவள் குறுக்கே நின்றதும் உண்மை, ஒவ்வொரு பாக்கெட் எடுக்கும்போதும் விலகியதும் உண்மை.

ஜிப்பை இறக்கினாள். குழந்தை தேடிப் பிடித்து, தவறவிட்டு, ஒரு கோபக் கத்தல் கத்தி, மறுபடி பிடித்தது. கத்தல் நின்றது. அத்தனை சத்தத்துக்குப் பிறகு பஸ் ஸ்டாண்டே அமைதியானது போலிருந்தது. பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டுதான் இருந்தன.

சரிதா நிமிர்ந்து கண்களை எண்ணினாள். அதை அவள் நினைத்துச் செய்யவில்லை. வரிசையில் ஒன்பது பேர், பதினெட்டுக் கண். இல்லை, ஆளை எண்ணினால் போதும். ஒன்பது. பழக்கடைக்காரர் பத்து. பஸ்ஸின் ஜன்னலோரத்தில் ஒருவன் பதினொன்று. மாமியார் நாலு கண் என்றாள். நாலு கண்ணுக்கே வற்றும் என்றால் இது இப்போதே, குழந்தை வாய் எடுப்பதற்குள் வற்ற வேண்டும். அவள் காத்திருந்தாள். ஒருவகையில் அதற்குத்தான் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. வற்றினால் வற்றட்டும், ஒரு முடிவு தெரியும். பன்னிரண்டு. பதின்மூன்று.

"ஏம்மா, நாலு பேர் வந்துபோற எடம்" என்று வரிசையில் ஒரு குரல் எழுந்தது. ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்ற ஒருவர். "இப்படித் தொறந்து போட்டுக்குனு... பப்ளிக்குல இதெல்லாம் நல்லாவா இருக்கு?"

பூத்துக்காரம்மா கையில் இருந்த பாக்கெட்டை மேடையில் பொத்தென்று வைத்தாள். "இது இன்னா எடம் சார்?"

"இன்னா எடம்னா?"

"மேல போர்டு போட்டிருக்கு, படிங்க. பால் பூத்து. பால் குடுக்குற எடத்துல பால் குடுக்காம பின்ன எங்க போய்க் குடுக்கும் அது, பெட்ரோல் பங்குலயா?"

வரிசை சிரித்தது. பிள்ளைக்காரி முன்னால் எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "அண்ணா, ஹெல்மெட்டுக் கண்ணாடிய கீழ எறக்கி விட்டுக்குங்கண்ணா. உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் உங்க மூஞ்சி தெரியாது."

ஹெல்மெட்காரர் ஒரு லிட்டர் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு, எதையோ முனகியபடி போனார். சரிதாவுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அவரையும் கணக்கில் சேர்த்தாள். பதினேழு.

அடுத்து ஒரு பெரியவர் வந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கைத்தடி. மேடைக்கு முன்னால் வந்ததும்தான் உள்ளே இருப்பதைப் பார்த்தார். "பர்தோன், மதாம்" என்று சட்டென்று திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு கையைப் பின்பக்கமாக நீட்டினார். "ஒரு தயிர் குடு நிஷா."

"ஆதிமூலம் ஐயாவுக்கு வெக்கம் வந்தாக்கூட பிரெஞ்சுலதான் வரும்" என்றாள் நிஷா, நீட்டிய கையில் தயிர் பாக்கெட்டை வைத்தபடி. "எங்கியோ பாத்துக்குனு போயி படில விழுந்துடாதீங்க ஐயா."

"விழமாட்டேன், விழமாட்டேன். குழந்தை சாப்பிடட்டும்." பெரியவர் திரும்பாமலே போனார். அவரைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று சரிதாவுக்குத் தெரியவில்லை. முதலில் பார்த்துவிட்டார். சேர்த்தாள். பதினெட்டு.

அப்போது அது நடந்தது. பால் சுரந்து இறங்கும்போது மார்புக்குள் ஊசிகள் ஒன்றாகக் கிளம்புவதுபோல ஒரு குத்தல் இருக்கும். அம்மா வீட்டில் இருந்திருக்கிறது. இந்த ஒரு மாதத்தில் மறந்தே போயிருந்தது. அது வந்தது, இரண்டு பக்கமும். குழந்தைக்கு அடைத்துக்கொண்டு ஓர் இருமல் வந்து, வாயை எடுத்தது. வாய் எடுத்த இடத்திலிருந்து பால் மெல்லிய கோடாகப் பீய்ச்சி அதன் கன்னத்திலும் புருவத்திலும் அடித்தது. குழந்தை கண்ணை மூடி மூடித் திறந்தது. மறுபக்கம் சொட்டுச் சொட்டாக மடியில் விழுந்தது.

"மாஷா அல்லா! பாரு, எப்படி வருதுன்னு" என்றாள் நிஷா. "காலைலேர்ந்து கட்டி வச்சிருந்தியா? இப்படிக் கட்டி வச்சா காய்ச்சல் வரும். எனக்கு மூணு, மூணையும் இந்தப் பொட்டிக்குள்ளதான் வளத்தேன். காலைல நாலரைக்கு வண்டி வரும், ஒண்ணு இடுப்புல, ஒண்ணு கிரேடுக்குள்ள. ஜஹபர் நிஷா பூத்துன்னா இந்த பஸ் ஸ்டாண்டுல தெரியாதவங்க இல்ல. பேரு இன்னா வச்சிருக்க?"

சரிதாவுக்கு ஒரு கணம் ஆயிற்று. அருள்முருகன் போனில் பார்த்துத் தேர்ந்தெடுத்த பெயர். அவள் அதை உரக்கச் சொன்ன சந்தர்ப்பங்கள் குறைவு. "சுடர்விழி."

"நல்ல பேரு. கண்ணு அப்படித்தான் இருக்கு. எந்தூரு நீ?"

"தவளக்குப்பம்."

"வூட்ல யாரு?"

"எல்லாரும் இருக்காங்க" என்றாள் சரிதா. அதற்கு மேல் நிஷா கேட்கவில்லை. வரிசையில் ஆள் சேர்ந்துவிட்டிருந்தது. பாக்கெட் எடுத்தாள், சில்லறை கொடுத்தாள், "பச்ச தீந்துபோச்சு, ஆரஞ்சு வாங்கிக்குங்க" என்றாள். சரிதா இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு மாற்றினாள். இருபத்திமூன்று வரை எண்ணினாள். அதற்குப் பிறகு வந்தவர்களில் யாரும் பார்க்கவில்லை, அல்லது பார்த்ததை அவள் பார்க்கவில்லை.

எழுந்தபோது கால் மரத்திருந்தது. குழந்தை தலை தொங்கத் தூங்கியது. நிஷா பலகையைத் தூக்கிப் பிடித்தபடி, வலது கோடியைக் காட்டினாள். "நீ தேடுன ரூமு அங்க இருக்கு. டிக்கெட்டு கவுண்டரத் தாண்டினா, ரோஸ் கலர் கதவு. நல்லாத்தான் இருக்கும், பேன் இருக்கு, தொட்டில் இருக்கு. அடுத்தவாட்டி அங்க போ. வழி தெரியலன்னா இங்க வா."

ரோஸ் கதவு ஐம்பதடி தூரத்தில்தான் இருந்தது. வந்த வழியில் அதைத் தாண்டித்தான் அவள் வந்திருக்க வேண்டும்.

பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அரியாங்குப்பத்து ஆற்றுப் பாலத்தில் காற்று வந்தது. மனம் லேசாயிற்றா என்று தன்னையே தடவிப் பார்த்தாள். இல்லை. ஊசி போட்ட கன்னம் அப்படியேதான் இருந்தது. ஆனால் மடியில் ஈரம் இருந்தது, அந்த ஈரம் குளிர்ந்து காய்ந்து துணி மொடமொடப்பானது தெரிந்தது. இருபத்திமூன்று பேர் பார்த்தும் வற்றவில்லை. இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சும்மா இருந்துவிடலாம். பதினைந்து நாளில் டப்பா வரும், எல்லோருக்கும் நிம்மதி. அதற்கும் அவளுக்கு ஆட்சேபம் எழவில்லை. ஆட்சேபம் எழும்வரை காத்திருந்தால் அது ஒருநாளும் எழாது, நிஷா சொன்னதும் ஸ்டூலில் உட்கார்ந்ததுபோல உட்கார்ந்துவிட வேண்டியதுதான் என்று தோன்றியது. தவளக்குப்பம் சந்திப்பில் கண்டக்டர் கத்தும்வரை அந்த நினைப்பு மட்டும் இருந்தது.

வீட்டுக்குள் நுழையும்போது மணி ஒன்றேமுக்கால். அறைக்கதவு சாத்தியிருந்தது, உள்ளே ஹரிகிருஷ்ணனின் குறட்டை. கூடத்தில் கிருஷ்ணசாமி நாற்காலியில் சாய்ந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றுகிற அசைவில் குழந்தை விழித்துச் சிணுங்கியது.

"வந்துட்டியா? எடை இன்னா சொன்னாங்க?" பாக்கியலட்சுமி சமையலறையிலிருந்து வந்தாள். ஒரு கையில் சங்கு, ஒரு கையில் டம்ளர். பஸ் வரும் நேரம் பார்த்துச் சர்க்கரைத் தண்ணீர் கலந்து ஆற்றி வைத்திருக்கிறாள். "குடு, புள்ளைய இப்படிக் குடு. தொண்ட காஞ்சிருக்கும்."

"ஏறல அத்தை. நூறு கிராம்தான்."

"வெயிலு காலம், எப்படி ஏறும்? குடு இப்படி."

"வேணாம் அத்தை."

சங்கு பிடித்த மாமியாரின் கை நீட்டியபடி நின்றது. சரிதா மின்விசிறிக்குக் கீழே, கூடத்தின் நடுவில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஜிப்பை இறக்கினாள்.

"ஏய்! மாமா இருக்காரு!"

"நான் ஒண்ணும் பாக்கல" என்றார் கிருஷ்ணசாமி பதறி. நாற்காலியை டிவிக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டார். "எனக்கு கண்ணாடி இல்லாம பந்தே தெரியல, நீ வேற."

"ஸ்க்ரீன் கூட இல்ல, வாசக்கதவு தொறந்து கெடக்கு... கண்ணு படும்னு எத்தினி வாட்டி சொல்லிருக்கேன், சரிதா! அப்பறம் வத்திப்போச்சுன்னு அழுதா வருமா?"

சரிதா நிமிர்ந்து பார்த்தாள். சண்டைபோட அவளிடம் எதுவும் இல்லை. நடந்தது மட்டும் இருந்தது. அதை எடுத்து வைத்தாள்.

"பஸ் ஸ்டாண்டுல குடுத்தேன் அத்தை. பால் பூத்துல உக்காந்து. இருவத்திமூணு பேரு பாத்தாங்க, எண்ணுனேன். வத்தல. மொகத்துல பீச்சி அடிச்சிது. இங்க கொண்டாந்து ஒரு மாசமா அஞ்சு வாட்டிதான் குடுக்கறேன், நர்ஸம்மாகிட்ட பத்துன்னு பொய் சொல்லிட்டு வரேன். அடுத்த வாட்டி டப்பாப் பால் எழுதிடுவாங்களாம். நீங்க டப்பாப் பால் வாங்கறதுன்னா வாங்குங்க. ஆனா சர்க்கரத் தண்ணி இனிமே வேணாம்."

இவ்வளவு நீளமாக அவள் அந்த வீட்டில் பேசியதில்லை. கிருஷ்ணசாமி ரிமோட்டைத் தடவி டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

பாக்கியலட்சுமியின் காதில் நின்றது ஒன்றுதான். "இருவத்திமூணு பேரா?" என்றாள். குரல் உள்ளே போய்விட்டது. "ஐயோ, இருவத்திமூணா?" சங்கையும் டம்ளரையும் டிவி ஸ்டாண்டின் மேல் வைத்துவிட்டுச் சமையலறைக்கு ஓடினாள். டப்பாக்கள் உருளும் சத்தம் கேட்டது. கல் உப்பும் காய்ந்த மிளகாயுமாக இரண்டு கையையும் பொத்திக்கொண்டு வந்தாள். வழக்கமாக மூன்று மிளகாய். இன்றைக்கு ஒரு கொத்து இருந்தது. வாசலுக்குப் போய்க் காலடி மண் கொஞ்சம் எடுத்து அதில் சேர்த்தாள்.

"அசையாத."

தாயையும் பிள்ளையையும் சேர்த்து வலமாக மூன்று முறை, இடமாக மூன்று முறை சுற்றினாள். "ஊரு கண்ணு, ஒறவு கண்ணு, பஸ் ஸ்டாண்டு கண்ணு, பூத்துல நின்ன கண்ணு, அத்தினி கண்ணும் பொசுங்கிப் போவ." சரிதாவிடம் நீட்டி, "துப்பு" என்றாள். சரிதா மூன்று முறை துப்பினாள். குழந்தை குடிப்பதை நிறுத்தவில்லை. மாமியார் பின்பக்கம் போனாள், வெந்நீர் அடுப்புக்கு.

கண் பட்டிருந்தால் மிளகாய் எவ்வளவு கருகினாலும் நெடி வராது. வந்தால் கண் படவில்லை. இது பாக்கியலட்சுமியே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருப்பது. சரிதா சுவரில் சாய்ந்தபடி பின்கதவுப் பக்கம் காதை வைத்திருந்தாள். வரும் என்றோ வராது என்றோ அவள் நினைக்கவில்லை.

முதலில் உப்பு வெடிக்கும் சத்தம். பிறகு ஒரு தும்மல். பிறகு பின்கட்டிலிருந்து தொண்டையைப் பிளக்கும் இருமல், விடாமல். கிருஷ்ணசாமி துண்டை மூக்கில் அழுத்திக்கொண்டு, "அடியே, ஒரு கிலோவப் போட்டியா?" என்று கத்தினார், அவருக்கும் கமறியது. அறைக்குள் குறட்டை நின்று ஹரிகிருஷ்ணனின் இருமல் கேட்டது. சரிதா துப்பட்டாவைக் குழந்தையின் மூக்கருகே கூடாரமாகப் பிடித்துக்கொண்டாள். தன் கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கக் கை மிச்சமில்லை. வழியவிட்டாள்.

பாக்கியலட்சுமி முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி வந்து, கூடத்து நிலைப்படியில் நின்றாள். கண் சிவந்திருந்தது. எதையோ சொல்ல வாயெடுத்து இருமினாள். சுவரோரம் இருந்த இருவரையும் பார்த்தாள். அவள் பார்வை அவர்களைத் தாண்டி வேறெங்கோ, தேர் ஓடும் ஒரு தெருவில் இருப்பதுபோல இருந்தது.

"அப்ப எனக்கு எதுக்கு வத்திச்சு?" என்றாள். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை.

சரிதாவுக்கும் தெரியாது.

மாமியார் மூக்கை உறிஞ்சினாள். உள்ளே போய் ஒரு தலையணையை எடுத்து வந்து, சரிதாவின் முழங்கைக்குக் கீழே செருகினாள்.

"அந்தப் பக்கமும் மாத்திக் குடு" என்றாள்.